பழமில்லாத கூஸ்பெரி

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். இதை இங்கே அவுட்பில்டிங் என்பார்கள். முன்வீட்டில் வீட்டுக்கார ஆயா, அவருடைய பேரன், பேரனின் மனைவி, அவர்களுடைய ஐந்து வயதுப் பொடியன். பாட்டியை இங்குள்ள தமிழர்கள் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே பழகிக்கொண்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே கறிவேப்பிலை, துளசி, ஒரு லீச்சி மரம், நாலு மிளகாய்ச் செடி, வேலியோரம் கூஸ்பெரி. போன கார்த்திகையில் அந்தக் கூஸ்பெரிகளுக்குள் யாரும் நடாத ஒன்று பூத்தது. அது என்னவென்று தெரிய எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் மூன்று பேர் மூன்று தவறான பதில் சொல்லிவிட்டோம். மூன்றிலும் மோசமானது என்னுடையது. ஒட்டன்சத்திரம் பக்கம் பிறந்தவன் செய்யக் கூடாத தவறு அது; ஏன் என்று போகப் போகத் தெரியும்.

செடி வந்த வழி

முதலில் கூஸ்பெரி. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் கூஸ்பெரி என்றால் நெல்லிக்காய் என்று படித்துவிட்டு வந்தவன் நான். இங்கே ஆயா முதன்முதலில் "கூஸ்பெரி ஜாம் போட்டிருக்கேன், எடுத்துக்கோ தம்பி" என்று ஒரு பாட்டில் நீட்டியபோது நெல்லிக்காயை எதிர்பார்த்து வாயில் வைத்து ஏமாந்தேன். இது நம் ஊர்ச் சொடக்குத் தக்காளியின் பெரிய உறவு. காகிதக் கூடு போன்ற உறைக்குள் மஞ்சள் பழம். ஆங்கிலத்தில் கேப் கூஸ்பெரி என்று பெயரே தவிர, ஆப்பிரிக்க முனையில் தோன்றியதும் இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியிலிருந்து வந்து கேப்பில் பயிரானதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆக, பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு ஜாம் பாட்டிலிலேயே பாடம் நடந்துவிட்டது. புத்தி வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கூஸ்பெரிச் செடிகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஒரு உறவினரின் புல்வெளி நிலத்திலிருந்து முந்தைய குளிர்காலத்தில் வந்தவை. வேர் அறுபடாமல் இருக்கப் பெரிய மண்கட்டியோடு பெயர்த்து, அரிசிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அந்த மண்கட்டிக்குள் வேறு யார் பயணம் செய்தார்கள் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

மூன்று பதில்கள்

பூ அழகாக இருந்தது. தொடை உயரத் தண்டு. இலைக் கக்கங்களிலிருந்து மெல்லிய காம்புகள் வளைந்து இறங்க, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டிக் கூண்டு விளக்கு. பெருவிரலின் மேல்கணு அளவு. பழுத்த ஆரஞ்சு நிறம். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் பூத்ததால் ஆயா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, "இது கூஸ்பெரிதான். ஆரஞ்சு ஜாதி" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. கூஸ்பெரி நடுவே முளைத்திருக்கிறது, உறை மாதிரி தொங்குகிறது, உள்ளே காற்றடைத்தாற்போல் உப்பியிருக்கிறது. வேறு என்னவாக இருக்க முடியும்?

பொடியன் அன்றைக்கே இரண்டைப் பறித்து, சொடக்குத் தக்காளியைப் போலவே நெற்றியில் அடித்து உடைத்துப் பார்த்தான். அப்புறம் ஒன்றைப் பிய்த்து உள்ளே தேடினான். "ஆயா, பழம் நோ!" என்று கத்தினான். இங்குள்ள பிள்ளைகள் பேசும் தமிழ் அவ்வளவுதான், ஆனால் அந்த மூன்று வார்த்தையில் விஷயம் முழுக்க இருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. "இன்னும் பழுக்கலே கண்ணு" என்றார் ஆயா.

இரண்டாவது பதில் பேரனுடையது. அதாவது அவர் கைப்பேசியுடையது. செடி அடையாளம் காட்டும் செயலி ஒன்றில் படமெடுத்துப் போட்டார். சைனீஸ் லாண்டர்ன், ஃபிசாலிஸ் பேரினம் என்று வந்தது. கூஸ்பெரியும் ஃபிசாலிஸ்தானே! ஆயா சொன்னதைச் செயலியும் ஏறக்குறைய ஆமோதித்தாற்போல் ஆகிவிட்டது. "பாத்தீங்களா அண்ணா, ஆயாவுக்கு ஆப் தேவையில்லை" என்று சிரித்தார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் குனிந்து பார்த்தேன். கூஸ்பெரி இலை இதய வடிவம், வெல்வெட் போல ரோமம். இந்தச் செடியின் இலைக்குக் காம்பே இல்லை. நீண்டு, கூராக, நரம்புகள் புல்லில் போல நீளவாக்கில் ஓடின. விளக்கின் வாயில் சின்னப் பற்களாக வெளிப்பக்கம் மடிந்த விளிம்புகள். எண்ணினேன்: ஆறு. கூஸ்பெரியில் எல்லாமே ஐந்து. ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே ஆறு மகரந்தத் தாள், நடுவில் பச்சைச் சூல்பை, அதன் சூல்தண்டு நுனியில் மூன்றாகப் பிரிந்திருந்தது. அதாவது இது பழத்தைப் போர்த்திய உறையே இல்லை, பூவேதான். கூஸ்பெரியிலும் சைனீஸ் லாண்டர்னிலும் விளக்கு மாதிரித் தெரிவது பூ உதிர்ந்த பிறகு உப்பி வளரும் புல்லிவட்டம். அவற்றின் பூ தனி. கூஸ்பெரிக்குப் பழுப்புப் புள்ளி வைத்த மஞ்சள் பூ, சைனீஸ் லாண்டர்னுக்குச் சின்ன வெள்ளைப் பூ. பொடியன் முதல் நாளே சரியாகச் சொல்லியிருக்கிறான்.

செயலி ஏன் சறுக்கியது என்பதும் அப்போது புரிந்தது. பேரன் நின்ற இடத்திலிருந்து மேலே பார்த்துப் படமெடுத்திருந்தார். படத்தில் ஆரஞ்சு விளக்குகள் இந்தச் செடியுடையவை, இலைகள் முக்கால்வாசி கூஸ்பெரியுடையவை. இரண்டு செடியை ஒட்டவைத்த ஒரு செடி. ஆரஞ்சு விளக்கையும் கூஸ்பெரி இலையையும் சேர்த்துக் காட்டினால் யாராக இருந்தாலும் சைனீஸ் லாண்டர்ன் என்றுதான் சொல்வார்கள். கேள்வி தப்பு, பதில் அதற்குச் சரி.

அந்தப் பெயரே ஒரு புதைகுழி. தென்னாப்பிரிக்காவில் சைனீஸ் லாண்டர்ன் என்று துத்திச் செடியின் தோட்ட வகைகளையும் சொல்வார்கள், காரூ வறண்ட நிலத்துப் புதர் ஒன்றையும் சொல்வார்கள், நம் ஊரில் விடத்தலை என்று தெரிந்த முள்மரத்தையும் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

இப்போது என் பதில். இலையில் இணைநரம்பு, பூவில் ஆறு ஆறாக உறுப்புகள். சரி, ஒருவித்திலை. சரி, லில்லி வகை. இவ்வளவும் சரிதான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இது ஏதோ லில்லி, ஆயா. பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்பதை எங்கிருந்து எடுத்தேன்? யோசித்துப் பார்த்தால், அழகிலிருந்துதான். கும்பிடும்படி இருந்த பூ. லில்லி என்ற சொல்லும் ஒரு காரணம். பழைய தாவர நூல்களில் லில்லிக் குடும்பம் என்பது எதைச் சேர்ப்பது என்று தெரியாதவற்றையெல்லாம் போட்டுவைத்த கூடை. வெங்காயமும் அதில் இருந்தது, சோற்றுக்கற்றாழையும் இருந்தது, ஆளைக் கொல்லும் கிழங்குகளும் இருந்தன. லில்லி என்றால் ஒரு தகவலும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

சமையலறை ஜன்னலில்

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. ஆயா அந்தச் செடியைக் கூஸ்பெரியிலிருந்து பிரித்துத் தொட்டியில் வைக்க ஆசைப்பட்டுத் தோண்டியிருக்கிறார். உருண்டைக் கிழங்கை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது விநோதமாக இருக்க, கழுவிக் காயவைத்திருக்கிறார். நான் தேநீருக்கு உள்ளே போனபோது ஜன்னல் திட்டில், அன்றைய சமையலுக்கு வைத்திருந்த மடும்பிகளுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. மடும்பி என்பது நம் சேப்பங்கிழங்கு. இந்த ஊர் சுலு மக்களின் மொழியிலிருந்து டர்பன் தமிழர் வாய்க்கு வந்தது.

மாவு வெள்ளையில், விரல் தடிமனில், நடுவில் வளைந்து இரண்டு கையாகப் பிரிந்த கிழங்கு. கவட்டை மாதிரி. கலப்பை மாதிரி.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த உருவத்தை நான் ஆயிரக்கணக்கில் பார்த்தவன். அப்பா ஒன்றரை ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டிருந்தார். ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரத்தில் அது பெரிய பணப்பயிர். விதை மருந்துக்காக ஏற்றுமதியாகும். கிளுவைக் குச்சி நட்டுக் கொடியை ஏற்றிவிடுவோம். பூக்கும் மாதங்களில் விடியற்காலையில் பெண்கள் வந்து ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுவைப்பார்கள், ஏனென்றால் அதன் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் முறித்ததுபோல் விலகி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. கிழங்கு தோண்டும்போது அப்பா யாரையும் கிட்டே விடமாட்டார். இரண்டு கையின் நுனியில்தான் முளை இருக்கும், நுனி ஒடிந்தால் கிழங்கு போச்சு என்பார். தோண்டிய கையோடு சாப்பிட உட்கார்ந்தால் அடி விழும்.

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ, செங்காந்தள், எல்லாம் ஒன்றுதான். தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் பாடல்களில் முருகன் தலையில் சூடுவதும் பெண் விரலுக்கு உவமையாவதும் அதுவே. தாவரவியலில் குளோரியோசா சுபெர்பா. கிழங்கும் விதையும் கொல்கிசின் நிறைந்தவை. மூட்டுவாத மருந்தாக மிகச் சிறிய அளவில் தரப்படும் அதே பொருள் அளவு மிஞ்சினால் கொல்லும். சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது, அப்புறம் வாந்தியும் பேதியும், அதைத் தாண்டினால் எலும்பு மஜ்ஜையும் உள்ளுறுப்புகளும் அடிவாங்கும், பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டும். வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று உயிரை விட்டவர்கள் இலங்கையில் உண்டு. அவித்தாலும் நஞ்சு போகாது.

ஆனால் செங்காந்தள் பூ இப்படி இருக்காதே! அது ஆறு இதழும் நெருப்பு நாக்கு மாதிரி பின்னோக்கி மடிந்து, நெளிந்து, பச்சையில் தொடங்கி மஞ்சளாகிச் சிவக்கும் பூ. இங்கே இருப்பதோ வாயைக் குவித்த ஆரஞ்சுக் குடுவை. ஓடிப்போய்ப் பிடுங்கிப் போட்ட தண்டைப் பார்த்தேன். மேல் இலைகள் இரண்டு மூன்றின் நுனி மயிரிழை போல நீண்டு சுருண்டிருந்தது. ஒன்று கூஸ்பெரிக் கிளையைச் சுற்றிப் பிடித்திருந்த அடையாளத்தோடு இருந்தது. இலை நுனியே பற்றுக்கம்பியாவது எங்கள் வயலில் தினம் பார்த்த காட்சி. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது. நான் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கேட்டது பொடியனைப் பற்றி. வாயில் வைத்தானா? இல்லை. பழம் இல்லாததால் அவனுக்கு அன்றைக்கே அதில் சலித்துவிட்டது. கிழங்கை யாரும் நறுக்கவில்லை. ஜன்னல் திட்டைக் கழுவினோம், மடும்பிகளைக் கொட்டிவிட்டோம். ஆயாவுக்கு மடும்பி போனதில் வருத்தம். "பக்கத்திலே இருந்ததுக்கே கொட்டணுமா?" என்றார். கொட்டியிருக்க வேண்டியதில்லைதான், எனக்குக் கை நடுங்கியது, அதனால் கொட்டினேன்.

வேரைக் காட்டு என்றவர்

காந்தளின் உறவு என்று தெரிந்தது, பெயர் தெரியவில்லை. இங்கேயும் காட்டில் காந்தள் உண்டு. செங்காந்தள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக வளர்வது. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் அதுதான். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் கடற்கரைப் புதர்களிலும் பார்க்கலாம். அதன் தம்பி குளோரியோசா மொடெஸ்டாவும் இங்குள்ள காட்டோரங்களில் ஏறிப் படரும். அது மஞ்சள் கலந்த ஆரஞ்சில் தொங்கும் மணி. 2007 வரை லிட்டோனியா என்று தனிப் பேரினமாக இருந்து அப்புறம் குளோரியோசாவுக்குள் சேர்க்கப்பட்டது. அதுவாக இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். ஆனால் அதன் இதழ்கள் ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும். நம்முடையதில் இதழ்கள் ஒட்டிக் குடுவையாகிவிட்டன.

ஒரு வேலையாக வார்விக் சந்திப்புக்குப் போனபோது கிழங்கைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனேன். பாதியில் விட்டுப்போன மேம்பாலத்தின் மேல் அங்கே முத்தி சந்தை நடக்கிறது. முத்தி என்றால் சுலு மருந்து. பட்டை, வேர், கிழங்கு எனக் குவியல் குவியலாகக் கிடக்கும். அங்கே விற்கும் ஒரு அம்மாவிடம் கைப்பேசியில் பூவின் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. வேர் இருக்கிறதா என்று கேட்டார். பொட்டலத்தைப் பிரித்தேன். கையில் வாங்காமல், எட்டிப் பார்த்து, "இஹ்லாம்வு" என்றார். அப்புறம்தான் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு "இஹ்லாம்வு எலின்சானே" என்று திருத்தினார். சின்ன இஹ்லாம்வு. செங்காந்தளுக்கும் சுலுவில் இஹ்லாம்வுதான்.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பூ எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இரண்டும் ஒரே சாதி என்று இவர்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களும் கலப்பை என்று பெயர் வைத்தது பூவைப் பார்த்து அல்ல. செந்நிறமும் விரலும் கவிஞர்கள் வைத்த பெயரில் இருக்கின்றன. தோண்டியவன் வைத்த பெயரில் கிழங்குதான் இருக்கிறது.

மிச்சத்தை உறுதிப்படுத்தியது பொட்டானிக் கார்டன்ஸ் சாலையிலுள்ள உலர்தாவரக் காப்பகம். ஜான் மெட்லி வுட் என்பவர் 1882-ல் தொடங்கியது. செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாள்களில் மூன்று உறவுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது வேடிக்கையாக இருந்தது. காய்ந்ததும் நிறம் போய்விடுகிறது. நெருப்பு நாக்கும் இல்லை, ஆரஞ்சு விளக்கும் இல்லை, எல்லாம் பழுப்பு. அந்தப் பழுப்பில் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெளிவாகத் தெரிகிறது. அதே காம்பில்லா இலை, அதே சுருண்ட நுனி.

எங்கள் செடியின் பெயர் சாண்டர்சோனியா ஆரன்டியாகா. கிறிஸ்துமஸ் சமயத்தில் பூப்பதால் ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ் மணி. நேட்டால் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஜான் சாண்டர்சன் 1851-ல் இங்கே கண்டெடுத்தார். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்து ஹூக்கர் 1853-ல் பெயரிட்டார். அந்தப் பேரினத்தில் இது ஒன்றே இனம். ஈரப் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் வளரும். பூங்கொத்துக்காக நியூசிலாந்தில் பயிரிடுகிறார்கள். கொல்கிசின் இதிலும் உண்டு. காந்தளும் இதுவும் கொல்கிகேசி குடும்பம். அந்த நஞ்சுக்குப் பெயர் தந்த கொல்கிகம் செடியின் குடும்பம்.

இன்னொன்று மனதில் ஓடியது. முதல் ஒப்பந்தக் கூலிகளை மதராசிலிருந்து ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16. கார்த்திகை பிறந்த சமயம். ஊரில் காந்தள் பூக்கும் மாதத்தில் கிளம்பிய இடத்தையும், அதன் உறவு பூக்கும் பருவத்தில் இறங்கிய இடத்தையும் அவர்களில் யாராவது ஒப்பிட்டிருப்பார்களா? கரும்புத் தோட்டத்தில் அதற்கு எங்கே நேரம்.

தொட்டி

கூஸ்பெரிகளை வேலியின் மறுகோடிக்கு மாற்றினோம். அந்த மண்ணை விரலால் சலித்துத் தேடியதில் இன்னும் இரண்டு சின்னக் கவட்டைகள் கிடைத்தன. தூக்கி எறிய ஆயா சம்மதிக்கவில்லை. கும்பிட்ட பூவை எறிவதாவது. உயரமான தொட்டியில், நுனி ஒடியாமல், படுக்கவைத்து நட்டேன். அப்பா செய்வது மாதிரி. தொட்டி பொடியனுக்கு எட்டாத சுவர்மேல் ஏறியது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பேரனின் செயலியில் இப்போது அதே பூவை வாயருகே, அதன் இலை தெரிய எடுத்துப் போட்டால் சரியான பெயர் வருகிறது.

பொடியன் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. அவனுக்கு அது இன்னமும் "பழம் நோ"தான்.

மே மாதம் தண்டு மஞ்சளாகிச் சாய்ந்தது. ஜூனில் ஒன்றுமே இல்லை, வெறும் மண். கிழங்கு தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உள்ளே உறங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முன்வீட்டில் ஆயாவின் குரல் உயர்ந்து கேட்டது. எட்டிப் பார்த்தேன். பேரனின் மனைவி தனியா விதைக் கிண்ணத்தோடு சுவரோரம் நிற்கிறார். காலியாகத்தானே இருக்கிறது, கொத்தமல்லி தூவலாமே என்று நினைத்திருக்கிறார். ஆயா வாசற்படியில் நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தொட்டியை நோக்கி நீட்டி, "ஆளு உள்ளே இருக்கு, ஆளு உள்ளே இருக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார்.